ஆட்டுக் கத்திரி

"முடியை வெட்டிக்கிட்டு முக்காடு போடு. இல்லைன்னா வாசல் திறந்துதான் இருக்கு, ஹில்த்வின்."

இதைச் சொன்னபோது மடத்துத் தலைவி தில்பர்க்கின் கையில் ஆட்டு ரோமம் கத்தரிக்கிற பெரிய கத்திரி இருந்தது. காலையில் ஆட்டுக்காரன் கொண்டுவந்து கொடுத்தது. வாடைகூடப் போகவில்லை.

ஹில்த்வின் போன வாரம் வரை ராணி. அவள் புருஷன், அதாவது தில்பர்க்கின் அண்ணன், பன்றி வேட்டையில் செத்துப்போனார். கூடப் போன தம்பி ஓஸ்மர் ஒரு கீறல் இல்லாமல் திரும்பி வந்து ராஜா ஆகிவிட்டான். யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்கிற தைரியம் இல்லை.

"உங்க அண்ணனைப் புதைச்ச மண்ணு இன்னும் காயலை. எங்கப்பா ஆள் அனுப்புற வரைக்கும் ஒரு மூலை கொடுன்னுதானே கேட்டேன்?"

"விருந்தாளிக்கு இங்கே மூலை கிடையாது. கன்னியாஸ்திரிக்குத்தான்."

பச்சைப் பொய். விருந்தாளி அறையில் ஒரு கம்பளி வியாபாரி குறட்டை விட்டுக்கொண்டிருந்தான்.

சமையல்கட்டில் விலாங்கு மீன் கழுவிக்கொண்டிருந்த கன்னியாஸ்திரி வின்பர்க் முணுமுணுத்தாள். "கல்யாணத்துக்குப் பயந்து ஓடினவள்னு ராணியம்மா இவங்களைக் கேலி பண்ணாங்கல்ல, அதுக்குப் பழி தீர்க்கறாங்க. இவங்களைப் போய் புண்ணியவதிங்கறாங்க."

வெளியே மழை, சதுப்பு நிலம். ஹில்த்வின் பல்லைக் கடித்தாள்.

"வெட்டு."

"பீடத்துக்கு முன்னாடி வாய்விட்டுச் சொல்லு."

"நானா ஏத்துக்கறேன். போதுமா?"

இடுப்பு வரை இருந்த முடி தரையில் விழுந்தது.

மத்தியானம் குதிரைகள் வந்தன. ஓஸ்மர் ஒரு பாதிரியாரோடு உள்ளே நுழைந்தான். கையில் சிவப்புக் கல்யாணப் போர்வை.

"அக்கா, அண்ணியைக் கூப்பிடு. நாளைக்கு அவளைக் கட்டிக்கப்போறேன். அவ பக்கத்துல உட்கார்ந்தாத்தான் அண்ணன் படை என்னை ராஜான்னு ஒத்துக்கும்."

தில்பர்க் ஹில்த்வினை முன்னால் தள்ளினாள். "கன்னியாஸ்திரியையா கட்டிக்கப்போற?"

ஓஸ்மரின் கை வாளுக்குப் போனது. "நான் வர்றது தெரிஞ்சு போட்ட வேஷம். வேஷம்னா செல்லாதுன்னு நீங்கதானே சொன்னீங்க, பாதிரியாரே? சத்தியம் வாங்குங்க."

புனிதரின் எலும்புப் பெட்டி வந்தது. ஹில்த்வின் அதன் மேல் கை வைத்தாள்.

"இவர் வர்றது தெரிஞ்சுதான் முக்காடு போட்டீங்களாம்மா?"

"சத்தியமா தெரியாது. தங்கணும்னா போடுன்னு இந்த ராட்சசி சொன்னா. போட்டேன்."

"நீங்களாத்தான் ஒத்துக்கிட்டீங்களா?"

"ஆமா. இவளை இந்த ஜென்மத்துல மன்னிக்க மாட்டேன்."

பாதிரியார் அந்த முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அந்தக் கோபம் நடிப்பு இல்லை.

"முக்காடு செல்லும், ராஜா. இனி இவங்களைத் தொட்டா ஒரு வீரன்கூட உங்க பின்னாடி வரமாட்டான்."

ஓஸ்மர் போர்வையைச் சேற்றில் வீசிவிட்டுக் குதிரை ஏறினான்.

குளம்புச் சத்தம் அடங்கியதும் ஹில்த்வின் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "உனக்கு முன்னாடியே தெரியும்."

"ஆட்டுக்காரன் சொன்னான்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

தில்பர்க் கத்திரியைத் துணியால் துடைத்தாள்.

"சொல்லியிருந்தா, அந்தப் பெட்டி மேல கை வெச்சு நீங்க உண்மையைத்தான் சொல்லியிருப்பீங்க, அண்ணி."