செல்லாத கோல்

பின்சீட்டில் கேப்டன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முன்சீட்டிலிருந்து திரும்பி, அவள் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

"கொஞ்சம் குடி. என் செல்லம்ல!"

"வேணாம். நான் போட்ட கோலை ரெஃப்ரி ஒத்துக்கலை."

"ஃப்ரீ கிக் கிடைச்சதும் சட்டுனு உதைச்சிருந்தா அது கோல்தான். எதிர் டீமைத் தள்ளி நிக்கச் சொல்லுங்கன்னு நீதானே கேட்டே? கேட்டுட்டா, விசில் ஊதுற வரைக்கும் பொறுக்கணும்."

"கோல்கீப்பர் எங்கேயோ வேடிக்கை பார்த்துட்டிருந்தானே!"

"அதுக்காக முந்திக்கலாமா? சரி, மறுபடியும் உதைக்க விட்டாங்க. வெளியே அடிச்சுட்டே. விடு."

"ரெஃப்ரியோட இனிமே நான் பேசவே மாட்டேன். சாப்பிடவும் மாட்டேன்."

அதற்குள் ரெஃப்ரியே வந்து, கதவைத் திறந்து, கேப்டன் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அம்மா, உன் புருஷனை நீயே சமாளி. அப்பாவோட என்னால மல்லுக்கட்ட முடியலை" என்றபடி அவள் காரைக் கிளப்பினாள்.

அம்மா அப்பாவின் காலை எடுத்துத் தன் மடியில் வைத்து, வீங்கியிருந்த முட்டியில் தைலம் தேய்த்தார்.

கொஞ்ச தூரம் போனதும், ஜன்னலைப் பார்த்தபடியே அப்பா கேட்டார்: "கோல் எப்படி இருந்துச்சு?"

"செல்லாது" என்றார் அம்மா. "ஆனா என்ன அழகா உதைச்சீங்க! நிறுத்தி விசில் ஊத எனக்கு மனசே வரலை."