ரோஜாச் செடியடி மண்

தேயிலை எஸ்டேட்டின் லயத்து வீடுகளில் யாருக்கு முட்டி வலித்தாலும் பார்பராவிடம்தான் வருவார்கள். அவள் வைத்த ஆட்டுக்கால் சூப்பில்தானே அவள் கணவர் அம்புரோஸின் முட்டி வலி ஒரே வருடத்தில் பறந்துபோனது!

மண் பாக்டீரியாவில் ஆராய்ச்சி செய்யும் மகள் நடாலி, அன்று துள்ளிக்கொண்டு வந்தாள்.

"மம்மி, எஸ்டேட்ல இருபது இடத்துல மண்ணு எடுத்தேன்ல? நம்ம மேட்டு ரோஜாச் செடி மண்ணுதான் ஃபர்ஸ்ட்! அதுல உள்ள பாக்டீரியாவோட என்சைமப் பிரிச்சு, சுத்தம் பண்ணிப் பார்த்தேன். எலும்பு, தோலுல இருக்குற கொலாஜன அப்படியே கரைக்குதுலா!"

"நம்ம வீட்டு மண்ணுன்னா சும்மாவா?" என்றாள் பார்பரா பெருமையாக.

"ஆனா தேயிலை மண்ணுல இவ்வளவு வேகம் வராது. ரொம்ப நாளா அதுக்கு எலும்புச் சாறு மாதிரி தீனி கிடைச்சிருக்கணும். அங்க என்னா கொட்டுறீங்க?"

"நான் எங்க அந்த மேட்டுல ஏறுறேன்? டேடிதான் தினம் காலையில சூப்பு கப்போட ஏறுவாரு. மலையப் பார்த்துக்கிட்டே குடிச்சாத்தான் அவருக்கு ருசியாம்."

பக்கத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அம்புரோஸ் அதை முகத்துக்கு நேரே உயர்த்திக்கொண்டார்.

பார்பராவுக்கு விளங்க அரை நிமிடம் ஆனது.

"ஒரு வருச சூப்பும் ரோஜாச் செடிக்கா? அப்ப உங்க முட்டி எப்படிங்க சரியாச்சு?"

பேப்பருக்குப் பின்னாலிருந்து குரல் மட்டும் வந்தது.

"அத ஊத்துறதுக்குத் தினம் அந்த மேட்டுல ஏறி இறங்குனேன்ல!"