நாலே பேரு

"வூட்ல மொத்தம் எத்தினி பேரு?"

வீட்டுக்காரம்மா ஷம்ஷாத் கேட்டதும் மகிழினி யோசிக்கவே இல்லை.

"நாலே பேருதாம்மா. நானு, அவரு, ரெண்டு புள்ளைங்க. புள்ளைங்க இருக்கிற எடமே தெரியாது."

பச்சைப் பொய். வியாசர்பாடி பக்கம் வாடகைக்கு வீடு தேடித் தேடி, அந்த வாய்க்கு இந்தப் பதில் மனப்பாடம். உண்மையைச் சொன்ன இடத்திலெல்லாம் கதவைச் சாத்தினால் பாவம், வாய்தான் என்ன செய்யும்? இன்றைக்கு வந்திருப்பது வாடகைக்கு இல்லை, சொந்தமாக வாங்க என்பதுகூட அதற்கு மறந்துவிட்டது.

பக்கத்தில் நின்ற அவள் புருஷன் பீம்ராவ் திருதிருவென்று விழித்தான்.

ராயபுரத்தில் அது பெரிய மனிதர்கள் தெரு. கப்பல் ஏஜெண்டுகள், டாக்டர்கள். வாசலுக்கு வாசல் மார்பிள், கார். நடுவில் இந்த வீடு மட்டும் காரை உதிர்ந்த பழைய சுவரோடு அடக்கமாக நின்றது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் பீம்ராவும், எம்.சி. ரோடு துணிக்கடையில் பில் போடும் மகிழினியும் லோன் போட்டால் எட்டிப் பிடிக்கலாம். பார்த்த நிமிஷமே மகிழினிக்கு மனசு இங்கே குடிவந்துவிட்டது.

"நாலே பேரா?" ஷம்ஷாத்தின் முகம் வாடியது. "அப்ப சரிப்படாதும்மா. நான் வேற ஆளு பாத்துக்கறேன்."

பீம்ராவுக்குச் சுர்ரென்று ஏறியது.

"இன்னாம்மா, பேஜாரா கீது! நாலு பேரே ஜாஸ்தியா? வாடகைக்கா வந்துகிறோம்? துட்டு குடுத்து வாங்கறோம்!"

சத்தம் கேட்டு, பக்கத்து மூன்று மாடி வீட்டின் கேட் திறந்தது. நைட்டியும் தோளில் துண்டுமாக ஒரு அம்மாள் எட்டிப் பார்த்தார்.

"ஷம்ஷாத், இவங்கதான் அந்த வியாசர்பாடி பார்ட்டியா? புரோக்கர் சொன்னான். பார்த்து வித்துக்கோ. கூட்டத்தைக் கொண்டுவந்து வச்சிட்டுப் போயிடாதே. இது அமைதியான தெரு!"

கேட் படாரென்று மூடிக்கொண்டது.

மகிழினிக்குக் காது சிவந்தது. ஓஹோ, இதுதான் சங்கதியா?

"நான் பொய் சொல்லிட்டேம்மா." மகிழினி தலை குனியவில்லை. "நாங்க எட்டுப் பேரு. மாமனாரு, மாமியாரு, புருசன வுட்டு வந்த நாத்தனாரு, அதோட கைக்கொயந்த. மாமியாரு பேசனா தெருமுனைக்குக் கேக்கும். அவுங்கள மறைச்சுத்தான் வூடு கெடைக்கும்னா, அந்த வூடே எனக்கு வேணாம். வாய்யா, போலாம்."

ஒரு வீட்டுக்காக அவள் பட்ட பாடு பீம்ராவுக்குத்தானே தெரியும். அதையே தூக்கிப் போட்டுவிட்டாளே, அவனுடைய ஆத்தா அப்பனுக்காக!

இருவரும் செருப்பில் காலை நுழைத்தார்கள்.

"இரும்மா," என்றார் ஷம்ஷாத். "பகல்ல வூட்ல யாராச்சும் இருப்பாங்களா?"

"மாமனாரும் மாமியாரும் எங்க போவப் போறாங்க? எந்நேரமும் வூட்லதான்."

"அல்ஹம்துலில்லாஹ்! இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா? நாலு பேருன்னா, நீங்க ரெண்டு பேரும் வேலைக்குப் பூடுவீங்க, புள்ளைங்க இஸ்கூலுக்குப் பூடும், வூடு பூட்டிக் கெடக்கும்னு பயந்துட்டேன். உள்ள வாங்க, அட்வான்ஸ் பேசலாம்."

மகிழினி நம்பாமல் நின்றாள். "நீங்கதான் வூட்ட வித்துட்டு மவ கூட ஆம்பூருக்குப் போறீங்கன்னு புரோக்கர் சொன்னாரே. இங்க எந்நேரமும் ஆளு இருந்தா ஒங்களுக்கு இன்னாம்மா?"

ஷம்ஷாத் குரலைத் தாழ்த்தினார்.

"இப்ப திட்டிட்டுப் போச்சே தேவப்பிரியம், அம்மாம் பெரிய வூட்ல அது ஒண்டி. போன வருசம் பாத்ரூம்ல வழுக்கி வுழுந்துடுச்சு. ரெண்டு வூட்டுக்கும் ஒரே சுவரு, அது கத்துனது என் காதுல வுழுந்துச்சு, ஓடிப் போய்த் தூக்கினேன். இனிமே அது கத்துனா, ஓடறதுக்கு இந்த வூட்ல ஆளு வேணாவா?"