கையைக் காட்டு

"டெசீர், நாளையிலேர்ந்து நீ சமையல்கட்டுக்குள்ள கால் வைக்கக் கூடாது."

சார்ஜெண்ட் ஹாஸ்கின்ஸ் இதைத் தனியே கூப்பிட்டுச் சொல்லவில்லை. பதினோரு சமையல்காரர்கள் முன்னால், முட்டை வெந்துகொண்டிருக்கும்போது சொன்னார்.

"நான் என்ன தப்பு பண்ணேன், சார்ஜெண்ட்?"

"வாசல்ல உக்காரு. சாப்பிட வர்றவங்களை எண்ணு. அவ்வளவுதான்."

தலை எண்ணுவது, காலை உடைத்துக்கொண்டவனுக்கும் குடித்துவிட்டு மாட்டியவனுக்கும் கொடுக்கிற வேலை. ஒன்றரை வருஷமாகக் கொதிதண்ணீரிலும் ப்ளீச்சிலும் கையை முக்கி, அந்த அமெரிக்கப் பட்டாள மெஸ்ஸின் அண்டா குண்டான்களைத் தேய்த்தவள் டெசீர். ஒரு நாள் மட்டம் போட்டதில்லை.

மறுநாள் வாசலில் உட்கார்ந்தாள். கூட வேலை செய்கிற டெக்ஸாஸ்காரன் பெரால்ட்டா தட்டோடு வந்து நின்றான்.

"என்ன ஹைட்டி, சொர்க்க வாசலைக் காக்கற பீட்டர் மாதிரி உக்காந்துட்ட?"

"சும்மா இரு. எனக்கே வயிறு எரியுது."

"ஆமா, உன் குடியுரிமை மனு என்ன ஆச்சு?"

"கைரேகையை ஏத்துக்க முடியலைன்னு ரெண்டு தடவை திருப்பி அனுப்பிட்டாங்க. காரணம் சொல்லலை. இருபத்தி மூணாம் தேதி மறுபடியும் வரச் சொல்லியிருக்காங்க."

பெரால்ட்டா குரலைத் தாழ்த்தினான். "அப்ப அதான் விஷயம். உன் ரேகை ஏதோ கேஸ்ல ஒத்துப்போயிருக்கு. அது அவர் காதுக்கு வந்திருக்கு. எண்ணூறு பேர் சாப்பிடற சோத்துப் பக்கம் உன்னை விடுவாரா?"

"நான் யாருக்கு விஷம் வைக்கப் போறேன்?"

"உன் மிளகாய் ஊறுகாயைத் தின்னவனைக் கேளு, சொல்லுவான்." சிரித்துக்கொண்டே போய்விட்டான்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்த மாதம் அவளுடைய பட்டாளக் கம்பெனி குவைத் கிளம்புகிறது. அதற்குள் உறுதிமொழி எடுத்துக் குடிமகளானால்தான் அம்மாவுக்கு மனுப் போட முடியும். ஹைட்டியில், ஜெரெமி ஊரில், புயல் கூரையைப் பிய்த்துக்கொண்டு போன வீட்டில், தார்ப்பாய்க்கு அடியில் அம்மா தனியாக இருக்கிறாள். இந்தத் தடவையும் தவறினால் இன்னும் ஒரு வருஷம். இன்னும் ஒரு மழைக்காலம்.

அன்றிலிருந்து இன்னொன்றும் ஆரம்பித்தது. தினமும் காலையில் ஹாஸ்கின்ஸ் அவள் எதிரே வந்து நிற்பார்.

"கையைக் காட்டு."

நீட்டுவாள். இரண்டு பக்கமும் திருப்பிப் பார்ப்பார். விட்டுவிட்டு உள்ளே போய்விடுவார். வரிசையில் நிற்கிற அத்தனை பேர் எதிரிலும், சந்தையில் பிடிபட்ட திருடி போல அவள் கூசிப்போவாள்.

ஒரு சாயங்காலம், வேலையைச் செய்து காட்டினால் அவர் மனசு மாறும் என்று, யாருமில்லாத நேரம் பார்த்துத் தொட்டியில் கிடந்த அண்டாவை எடுத்தாள்.

"எடு கையை!" எங்கிருந்தோ பாய்ந்து வந்தார் ஹாஸ்கின்ஸ். "இன்னொரு தடவை உன்னை இந்தத் தொட்டிப் பக்கம் பாத்தேன், நடக்கறதே வேற!"

இரண்டு நாள் கழித்து, அவர் அறையைத் தாண்டும்போது போன் பேச்சு காதில் விழுந்தது.

"ஆமா, அந்த ஹைட்டிப் பொண்ணுதான்... எதையும் தொட விடறதில்லை... இருபத்தி மூணு வரைக்கும் அவ மேலேர்ந்து கண்ணை எடுக்க மாட்டேன்."

இனி என்ன சந்தேகம்? அன்றைக்கே கேப்டனுக்கு ஒரு புகார் எழுதினாள். 'வேற்று நாட்டவள் என்பதால் சார்ஜெண்ட் என்னைத் திருடியைப் போல நடத்துகிறார்.' ரேகை கொடுத்துவிட்டு வந்த கையோடு கேப்டனிடம் நீட்டிவிடுவது என்று மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

இருபத்தி மூன்றாம் தேதி. ரேகை எடுக்கிற அம்மாள் ஒவ்வொரு விரலாகக் கண்ணாடித் தட்டில் வைத்து அழுத்தினாள். டெசீர் திரையையே பார்த்தாள். பத்து ரேகையும் திரையில் பளிச்சென்று விழுந்தன.

"அட, வளர்ந்துடுச்சே!" என்றாள் அந்த அம்மாள். "உங்க சார்ஜெண்ட் போன் பண்ணிக் கேட்டப்புறம்தான் உன் பழைய ரேகையை எடுத்துப் பாத்தேன். சோப்புக்கட்டி மாதிரி வழவழன்னு இருந்துச்சு. ப்ளீச்சும் கொதிதண்ணியும் ரேகையைத் தின்னுடும். தேஞ்சது திரும்ப வளர எத்தனை நாளாகும், எதையெல்லாம் தொடக் கூடாதுன்னு வாரத்துக்கு ரெண்டு போன் அந்த மனுஷன்கிட்டேர்ந்து. பிரசவ வார்டு வாசல்ல நிக்கற புருஷன்கூட இப்படிப் பறக்க மாட்டான்."

டெசீர் ஓட்டமும் நடையுமாக மெஸ்ஸுக்குத் திரும்பினாள்.

பின்கட்டில், தொட்டிக்கு முன்னால் ஹாஸ்கின்ஸ் நின்றிருந்தார். முழங்கை வரை நுரை. இந்த மூன்று வாரமாகத் தன் பங்கு அண்டாவை யார் தேய்க்கிறார்கள் என்று அவள் ஒரு தடவைகூட யோசித்ததில்லை.

"கையைக் காட்டு" என்றார், பாதி திரும்பி.

பைக்குள் புகாரைக் கசக்கிக்கொண்டிருந்த கையை வெளியே எடுத்து நீட்டினாள். "பத்தும் விழுந்துடுச்சு, சார்ஜெண்ட்."

"ம்."

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"உன் வேலையை நான் செய்யறேன்னு தெரிஞ்சா நீ விடுவியா? சொல்லாதப்பவே திருட்டுத்தனமா வந்து அண்டாவைத் தூக்கினவதானே."

அவள் ஒரு எட்டு முன்னால் வந்தாள். "இப்ப உங்க கையைக் காட்டுங்க, சார்ஜெண்ட்."

தயங்கினார். பிறகு காட்டினார். வெந்து, வெளுத்து, தோலுரிந்த கைகள். விரல் நுனிகளில் ஒரு கோடு மிச்சமில்லை.

"ஐயோ!"

"எனக்கென்ன?" ஹாஸ்கின்ஸ் மறுபடியும் அண்டாவுக்குள் கையை விட்டார். "நான் இங்கேயே பொறந்தவன். என் ரேகையை எவன் கேக்கப் போறான்?"