பெரிய எம், சின்ன எம்

சாம்பிள் அறையில் திருட்டு என்று கேள்விப்பட்டதுமே ப்ரோகிராமர் மாடிப்படி ஓரம் ஒதுங்கி மனைவிக்கு போன் போட்டான்.

"போலீஸ் வந்திருக்கு. இன்னிக்கு நான் மாட்டிக்குவேன்னு நினைக்கிறேன். உங்க அண்ணன்கிட்ட மட்டும் சொல்லித் தொலைக்காத."

"எட்டு மாசமா நல்லாத்தானே போச்சு?"

"யாரும் பார்க்கலை. அதான் போச்சு."

காணாமல் போனது ஒரு ஷூ. ஜோடி இல்லை, வலது கால் மட்டும். கம்பெனி அடுத்த வருஷம் விற்கப்போகிற மாடல். இடது காலை இன்னும் செய்யவே இல்லை.

"ஒத்தை ஷூவைத் திருடி எவன் போட்டுக்குவான்?" என்று கேட்டார் பெண் இன்ஸ்பெக்டர்.

"போட்டுக்க இல்ல மேடம். போட்டிக் கம்பெனிக்குக் காட்ட ஒரு கால் போதும்," என்றார் மேனேஜர். அவர் முதலாளி மனைவியின் தம்பி. முதுகுக்குப் பின்னால் ஆபீஸே அவரை 'மச்சான்' என்றுதான் சொல்லும்.

நேற்று மூன்றரை மணிக்கு வராந்தாவைத் துடைத்த அம்மா கண்ணாடி வழியே ஷூவைப் பார்த்திருக்கிறார். நாலு மணிக்குத் திரும்பி வந்தபோது அது இல்லை. அந்த அறையைத் திறக்கும் கார்டு மூன்று பேரிடம்தான் உண்டு; யார் எப்போது திறந்தது என்று அந்தக் கதவு குறித்துவைக்காது. முதலாளி வெளியூரில். மிச்சம் மச்சானும் ப்ரோகிராமரும்.

"நான் மூணு இருபத்தாறுக்கே கிளம்பிட்டேன், திரும்பி வரலை. வாசல் கதவுப் பதிவுல இருக்கு," என்று மச்சான் அச்செடுத்த தாளை நீட்டினார். "இவன் அஞ்சு மணி வரைக்கும் உள்ளேதான் இருந்திருக்கான்."

வாசலில் கார்டு தேய்ப்பவர் பெயரையும் நேரத்தையும் ஃபைலில் எழுதிவைக்கும் ஸ்கிரிப்ட், ப்ரோகிராமரின் கைவேலை.

"அந்த ஃபைலை யாரெல்லாம் திறந்து மாத்த முடியும்?"

"மேனேஜர் சார்... அப்புறம் நான்," என்றான் ப்ரோகிராமர். சொல்லிக்கொண்டே எதிரே இருந்த கம்ப்யூட்டரில் ஸ்கிரிப்டைத் திறந்து அவசரமாக ஓர் எழுத்தை அழிக்கப் போனான்.

"கையை எடுங்க தம்பி. என்ன அழிக்கிறீங்க?"

அவன் கையை எடுத்தான். இனி மறைத்துப் பயனில்லை.

"தப்பு என்னுதுதான் மேடம்."

மச்சான் நாற்காலியில் நிம்மதியாகச் சாய்ந்தார்.

"மணிக்கு அப்புறம் நிமிஷம் வரணும்னா பெரிய எம் போடணும். நான் சின்ன எம் போட்டுட்டேன். அது மாசம். இது ஜூலைங்கிறதால, யார் எப்ப வந்தாலும் போனாலும் நிமிஷம் ஏழுன்னுதான் விழும். போன மாசம் பூரா ஆறு. வேலை போயிடும்னு பயந்து இப்ப சரிபண்ணப் பார்த்தேன்."

"இதுக்கா இவனுக்குச் சம்பளம்?" மச்சான் வாய்விட்டுச் சிரித்தார்.

இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. தாளில் விரலை வைத்து ஒவ்வொரு வரியாக இறங்கினார். 9:07, 9:07, 11:07, 1:07. அடுத்த வரியில் விரல் நின்றது.

"அப்போ இந்த 3:26-ஐ யார் சார் எழுதினது?" என்று மச்சானைக் கேட்டார்.