தங்கை கேட்ட உதவி

கொழும்பில் மூன்று கடை வைத்திருக்கும் தவராசா, மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில் இருக்கும் தங்கை ஞானசெல்வியின் வீட்டில் இரண்டு நாள் தங்க வந்திருந்தான்.

"கூரைத் தகரம் மாத்தித் தரவா?"

"ஒழுகல, வேணாண்ணே."

"டிவி?"

"எதுக்குண்ணே? ஆண்டவர் எனக்கு ஒரு குறையும் வைக்கல."

கொழுந்து பறித்துக் காய்த்துப்போன கையால் தேத்தண்ணியை நீட்டிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பே தவராசாவுக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது. வெளியே போய் மனைவிக்கு போன் எடுத்தான்.

"ஒன்னும் வேணாங்கறவங்கதான் கடைசியில பெருசா கேப்பாங்க. கவனமா இருங்க" என்றாள் அவள்.

மறுநாள் மாலை ஞானசெல்வி ஜெபக் கூட்டத்துக்குக் கிளம்பினாள். தவராசா அவளுக்குத் தெரியாமல் பின்னாலேயே போய், சபைக் கதவோரம் நின்று காதைத் தீட்டினான்.

"பாஸ்டர் ஐயா, ஒரு உதவி வேணுங்க."

ஆக, நினைத்தது சரிதான். என்னிடம் கேட்காமல் இவர் மூலமாகக் கேட்கப் பார்க்கிறாள் என்று அவனுக்குப் பட்டது.

"ஒரு ஏழைக்காக நீங்க ஜெபம் பண்ணணுங்க. பாவம், மாத்திரை போட்டாத்தான் தூக்கமே வருது. யாரு சிரிச்சுப் பேசினாலும், நம்மகிட்ட எதையோ புடுங்க வர்றாங்கன்னு பயந்துகிட்டே இருக்காரு."

"நம்ம லயத்துல அப்புடி யாரும்மா?"

"லயத்து ஆள் இல்லீங்க ஐயா" என்றாள் ஞானசெல்வி. "எங்க அண்ணன்."