கடைசிக்குப் போன பெயர்

கென்யாவின் எல்டோரெட் நகரில் ஒரு சிறிய மருத்துவமனையில், டயாலிசிஸுக்குக் காத்திருப்போர் பட்டியலில் கிப்டூவின் பெயர் மூன்றாம் முறையாகக் கடைசிக்குப் போயிருந்தது.

"உங்க வேலைதானே சிஸ்டர்?" என்று நர்ஸ் நசிமியுவிடம் சீறினாள் அங்கே கணினிப் பிரிவைப் பார்க்கும் கிப்டூவின் மகள் ஜெலகாட்.

"சத்தியமா நான் தொடலம்மா."

ஜெலகாட் பெயரைப் பழைய இடத்துக்கே ஏற்றிவிட்டு, டேட்டாபேஸில் ஒரு ட்ரிக்கர் வைத்தாள். அப்பாவின் பதிவை எது மாற்றினாலும், எந்தப் புரோகிராம், யாருடைய கணக்கு என்று அது குறித்துவிடும்.

மறுநாள் பெயர் மீண்டும் இறங்கியது. மாற்றியது நர்ஸின் புரோகிராம் அல்ல. நோயாளிகள் தங்கள் முறையைத் தள்ளிப்போட உதவும் செல்போன் செயலி. கிப்டூவின் சொந்தக் கணக்கு.

ஜெலகாட் வார்டுக்கு ஓடினாள். "ஏம்ப்பா இப்படிப் பண்ணீங்க?"

"எனக்குப் பின்னாடி நிக்கிறதெல்லாம் உன் வயசுப் பிள்ளைங்கம்மா."

நசிமியுவிடம் மன்னிப்புக் கேட்டாள். அப்பாவின் பெயரை மறுபடி மேலே ஏற்றத்தான் அவளுக்குக் கை வரவில்லை.